மூக்கின் நடுச்சுவர்

பகல் பன்னிரண்டு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை மேடு. இரண்டு கண்களுக்கும் நடுவே, மிக அருகில், விளிம்பு மங்கலாக நின்றது. சுரங்கத்தில் வெட்டியெடுத்த மேல்மண்ணை மலைபோலக் குவித்து வைத்திருக்கிறார்களே, மார்கழிப் பனியில் அது தெரிவதுபோலத் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பது மட்டும் நினைவில்லை. மேட்டுக்கு அப்பால் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மணி சொல்கிறேன்.

"சார், வாயால மூச்சு விடுங்க. வாயால" என்றது ஒரு பெண் குரல்.

அப்போதுதான் அந்த மேடு என் மூக்கு என்று புரிந்தது. அதன்மேல் கட்டு ஒட்டியிருந்தார்கள்.

என் மூக்குக்கு நடந்த இரண்டாவது அறுவை சிகிச்சை அது. முதலாவது சரியாக அமையவில்லை. ஒரு முறை செய்து சரிவராத மூக்கை மறுபடி திறக்கலாமா, எப்படி இருக்கும், வலிக்குமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது எளிது.

நான் செய்தியாளன். ஒரு நாளிதழுக்கு இந்தப் பகுதிச் செய்திகளை அனுப்புகிறவன். நெய்வேலியில் நான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் என் பெயரில் இல்லை, மனைவி ஜெயந்தி பெயரில் இருக்கிறது. அவள் அனல்மின் நிலைய ஆய்வகத்தில் பர்மனென்ட். கொதிகலனுக்குப் போகிற தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. மருத்துவ அட்டையில் அவள் ஊழியர், நான் அவளைச் சார்ந்து வாழ்பவன். அவளோடு வேலை செய்கிறவர்கள் என்னை 'டிபென்டென்ட் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கேலி பாதி, அன்பு பாதி.

மூக்கு உடைந்தது ஒரு பங்குனி மாத மாலையில். குள்ளஞ்சாவடியில் ஒரு செய்தியை முடித்துக்கொண்டு வடலூர் சாலையில் வந்துகொண்டிருந்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நின்றிருந்தது. நான் போட்டிருந்தது முகத்தை மறைக்காத ஹெல்மெட். டிரெய்லரின் பின்பலகை தலையை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கிருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஊரில் ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வீக்கம் வடிந்ததும் அங்கேயே அறுவை சிகிச்சையும் நடந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்த டாக்டர் மேல் எனக்குப் பகையும் இல்லை. அவசரத்தில் ஒரு கை செய்த வேலை அது.

மூக்கின் உள்ளே இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. அந்த நடுச்சுவர்தான் மூக்கின் கூரையைத் தாங்குகிறது. எனக்கு அது உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மூன்றே மாதத்தில் மூக்குத் தண்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கவாட்டில் பார்த்தால் குதிரைச் சேணம் மாதிரி. மருத்துவர்களும் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. செய்தியாளன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? மூச்சுதான் சிரமமாக இருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரவில் சரியாகத் தூங்காதவன் பகலில் சரியாக விழித்திருப்பதும் இல்லை. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்துப் பார்த்தால் எல்லாமே கண்ணாடித் தொட்டிக்கு வெளியே நின்று பார்த்ததுபோல இருக்கிறது. எங்கள் குடியிருப்பு பிளாக்குக்குள் நீளமான தெருக்கள், அவற்றின் மேல் கொட்டிக் கிடக்கும் மஞ்சள் பூக்கள், மதில்மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கும் மயில். எதிரே வருகிறவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்தபின் அவர் யார் என்று யோசிப்பேன்.

வாசம் போய்விட்டது என்பது எனக்கே தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது ஒரு பலாப்பழம்.

ஜெயந்தியின் தங்கை கவிதா பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஆனி மாதம் அக்காவைப் பார்க்க வந்தவள் ஒரு முழுப் பழத்தைக் கொண்டுவந்து, பழுக்கட்டும் என்று என் கட்டிலுக்கு அடியில் சாக்கால் மூடி வைத்துவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? ஜெயந்தி அப்போது ஆறாவது மாதம். வாசம் தாங்காமல் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் வெக்கைக்காகப் படுக்கிறாள் என்று நினைத்து ஃபேனை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். பழத்தின் மேலேயே நான் நாலைந்து இரவுகள் தூங்கியிருக்கிறேன்.

பால் பாக்கெட் போடும் அம்மா வாசலில் நின்று கேட்டார். "பழம் வெடிச்சிருக்கும் போலியே சார், கேட்டுக்கு வெளியவே தூக்குது. இன்னும் அறுக்கலியா?"

"எந்தப் பழம்?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து ஜெயந்தி வந்து என்னைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய்க் காபித்தூள் டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி, என் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"என்னங்க இது?"

"தெரியலை."

"இது?"

"தெரியலை."

இரண்டாவது பெருங்காயம் என்று பிறகு சொன்னாள்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். யாழினி என்று பெயர் வைத்தோம். குழந்தையைக் கையில் வாங்குகிற எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வதைக் கவனித்தேன். முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு குனிந்து உச்சந்தலையை மோந்து பார்ப்பார்கள். பார்த்ததும் ஒரு நொடி கண்ணை மூடுவார்கள். கட்சிக்காரர், கான்ட்ராக்டர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஃபோர்மேன் வரை எல்லாரும் அப்படித்தான். நானும் செய்தேன். கதகதப்பு தெரிந்தது. முடி மூக்கில் குத்தியது. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கும், சொல்லேன்" என்று ஜெயந்தியிடம் கேட்டேன்.

"குழந்தை வாசம்தான்."

"அது எப்படி? பால் மாதிரியா? பவுடர் மாதிரியா?"

"பேட்டி எடுக்காதீங்க" என்றாள். குழந்தையை மறுபடி மோந்து பார்த்துவிட்டு, "எனக்குச் சொல்லத் தெரியலைங்க" என்றாள். நிறமில்லாத தண்ணீரில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

மூக்கை மறுபடி திறப்பது என்று நான் முடிவு செய்தது அதற்காகத்தான். மூச்சுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

முதல் சிகிச்சையின் தழும்பு இளக ஒரு வருடமாவது ஆக வேண்டும் என்றார்கள். காத்திருந்தேன். நெய்வேலி மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒருவகையில் பழக்கமான வேலை. கோர்ட் வராந்தாவிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் அப்படித்தான் உட்கார்வேன். வித்தியாசம் என்னவென்றால் அங்கெல்லாம் நான் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்கக் காத்திருப்பேன். இங்கே என் பெயரை. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எதிரே கண் பிரிவு. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் வரிசையாக முகத்தை அண்ணாந்து உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

டாக்டர் ஒரு பெண். குறைவாகப் பேசுகிறவர். எண்டோஸ்கோப் என்பது பேனா நீளத்தில் ஒரு மெல்லிய குழாய், நுனியில் கேமரா. மரத்துப்போகும் மருந்தை மூக்குக்குள் அடித்துவிட்டு அதை உள்ளே விட்டார். எதிரே திரையில் இளஞ்சிவப்பாக ஒரு குகை தெரிந்தது. ஈரமாக மினுங்கிற்று. யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்து போகிற மாதிரி கேமரா மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது.

"இங்க பாருங்க. இது நடுச்சுவர்ல மிச்சம் இருக்கறது. இது பக்கச் சுவர்ல இருக்கற சதை மடிப்பு. ரெண்டும் தனித்தனியா இருக்கணும். உங்களுக்குத் தழும்பு வளர்ந்து ரெண்டும் ஒட்டிக்கிச்சு. இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் காத்து மேல போகணும். வாசம் பிடிக்கிற நரம்பு அங்க, மேல இருக்கு. காத்தே போகலைன்னா நரம்பு என்ன பண்ணும்?"

"நரம்பு நல்லா இருக்கா?"

"அது எந்த ஸ்கேன்லயும் தெரியாது."

சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டினார். கிராம்பு, சோப்பு, காபி, கற்பூரம். ஒன்றும் இல்லை. கடைசிக் குப்பி சுரீரென்று எரித்தது.

"இது வருது" என்றேன்.

"அது அமோனியா. எரிச்சல் வேற நரம்பு, வாசம் வேற நரம்பு. எரிச்சல் எல்லாருக்கும் வரும்." குப்பியை மூடினார். "போன தடவை எடுத்தது ஜாஸ்தி. இந்தத் தடவை எடுக்கிற வேலை இல்லை, வைக்கிற வேலை. மூக்குல குருத்தெலும்பு மிச்சம் இல்லாததால காதுல இருந்து எடுத்து வைப்பேன். மூச்சு நல்லா வரும், ஓரளவுக்கு உறுதியாச் சொல்வேன். உருவம் முன்னைக்கு இப்ப பரவாயில்லாம இருக்கும். வாசத்துக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

பத்திரிகையில் திருத்தம் போடும்போது பிழை வந்த எழுத்தைவிடச் சின்ன எழுத்தில், உள்பக்கத்தின் அடியில் போடுவோம். உடம்பில் அப்படி இல்லை. முதல் சிகிச்சை முக்கால் மணி நேரம்தான். இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்.

ஆடி மாதத்தில் நாள் குறித்தார்கள். ஆடியில் வேண்டாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஜெயந்தி, "ஆடியில ஆபரேஷன் தியேட்டர் ஃப்ரீயா இருக்கும்" என்றாள். உண்மையாகவே இருந்தது.

முந்தின நாள் மாலை வார்டில் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் முருகேசன் என்று ஒரு முந்திரி விவசாயி, காடாம்புலியூர்ப் பக்கம். மூக்கில் வளர்ந்த சதையை எடுத்துக்கொண்டு இரண்டு நாளாகப் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு இருந்ததால் அவர் பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"உங்களுக்கு இன்னா சார்?"

சொன்னேன்.

"காதை அறுத்து மூக்குல வெக்கிறாங்களா?" சிறிது நேரம் யோசித்தார். "அப்போ மூக்கால கேக்குமா சார்?"

சிரித்தால் ரத்தம் வரும் என்று அவர் மனைவி அதட்டினார். "வாயை மூடிகினு படு. ஊர் மூக்கெல்லாம் உனக்கு எதுக்கு?" முருகேசன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே குலுங்கினார்.

குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். கவிதா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே வேப்பமரத்தடியில் நின்றாள். நான் மாடி ஜன்னலிலிருந்து கை காட்டினேன். யாழினி என்னைப் பார்க்கவில்லை. மதில்மேல் நின்ற ஒரு மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தியேட்டருக்குள் விளக்குகள் பூப்போல வட்டமாகத் தொங்கின. மயக்க மருந்து கொடுக்கிறவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். எந்தப் பத்திரிகை என்று சொல்ல வாயெடுத்தேன். பெயரின் முதல் எழுத்து வந்தது. அடுத்த எழுத்து பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் வந்தது.

வலி என்று பெரிதாக இல்லை. மூக்கைவிடக் காதுதான் வலித்தது. குருத்தெலும்பு எடுத்த இடது காதின் பின்னால் தையல். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. இரண்டு நாசியிலும் திரி போல மடித்த துணி அடைத்திருந்தது. அதற்கும் உள்ளே, நடுச்சுவரின் இருபுறமும் மெல்லிய சிலிக்கோன் தகடுகளை வைத்துத் தைத்திருந்தார்கள். சுவர் மறுபடி பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தத் தகடு. எச்சில் விழுங்கினால் இரண்டு காதும் அடைத்துக்கொண்டு உலகம் நின்றுவிடும். பிறகு மெதுவாக மறுபடி ஓடத் தொடங்கும். அன்று முழுவதும் ஜெயந்தி பஞ்சை நனைத்து என் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாள். நான் கண் விழித்த போதெல்லாம் பஞ்சு வந்தது.

அவளுக்கு ஒரு நாள்தான் விடுப்பு கிடைத்தது. ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒருவர் விடுப்பில் இருந்தார். அடுத்த நாள் காலை ஷிப்ட்டுக்கு அவள் போயே ஆக வேண்டும். அதற்கு அவள் கூட்டாளிகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். என் கட்டிலுக்கும் ஷிப்ட் போட்டுவிட்டார்கள்.

காலை ஆறரைக்கு ஆரோக்கியசாமி வந்தார். ஜெயந்தியோடு அதே ஆய்வகத்தில் வேலை செய்கிறவர், ஐம்பது தாண்டியவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார்; ஜெயந்தி போய்ச் சேரும்வரை அவள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஜெயந்தி அவரிடம் என்னை ஒப்படைத்தாள்.

"ஆறு மணிக்கு மாத்திரை குடுத்தாச்சுண்ணே. பத்து மணிக்கு டாக்டர் வந்து துணியை எடுப்பாங்க. தலை பக்கம் ரெண்டு தலையணை எப்பவும் இருக்கணும். ரெண்டேகாலுக்கு நான் வந்துடுறேன்."

"சரிம்மா. நான் வந்துட்டேன், நீ எறங்கு."

ஓயாமல் ஓடுகிற மின் நிலையத்தில் இது சட்டம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து 'நான் வந்துட்டேன்' என்று சொல்லாமல் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. ஷிப்ட் முடிந்துவிட்டது, பஸ் போய்விடும், வீட்டில் விசேஷம் என்று எந்தக் காரணமும் செல்லாது. வந்து விடுவிக்கிறவருக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வரவில்லை என்றால் இன்னொரு எட்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பத்து மணிக்கு டாக்டர் துணியை உருவினார். மூளையிலிருந்து ஒரு நீளமான ரிப்பனை இழுப்பது போலிருந்தது. இரண்டு பக்கமும் காற்று உள்ளே போயிற்று. தகடுகளுக்கு நடுவே, மெல்லிய கோடாக, குளிர்ச்சியாக. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மூக்கால் இழுத்த முதல் மூச்சு. வாசம் எதுவும் இல்லை. வீக்கம் வடியட்டும் என்றார் டாக்டர்.

அந்த நிம்மதியில் தூங்கிவிட்டேன். இனிமேல் சொல்வதில் பாதி நான் பார்த்தது, பாதி கேட்டு எழுதுவது.

இரண்டு மணிக்கு ஜெயந்திக்கு வர வேண்டிய ரிலீவர் வரவில்லை. அவருக்குத் திடீர்க் காய்ச்சல். அவள் ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தாள். "அண்ணே, நான் மாட்டிக்கிட்டேன். வேற ஆளுக்குச் சொல்லியிருக்காங்க, அஞ்சு மணியாவது ஆகும். நீங்க வீட்டுக்குப் போயி தூங்குங்க. அவர் தூங்கிட்டுத்தானே இருக்காரு? சிஸ்டர்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

"ரிலீவர் வராம எப்படிமா எறங்குறது?" என்றார் ஆரோக்கியசாமி.

முருகேசனும் சொல்லிப் பார்த்தாராம். "நீங்க போங்கண்ணே. நான் இங்க சும்மாதானே கெடக்கிறேன், பாத்துக்கிறேன்."

"நீ பேஷண்ட்டுப்பா. பேஷண்ட்டு பேஷண்ட்ட ரிலீவ் பண்ண முடியாது."

நான் அப்போது சுரங்கத்தில் இருந்தேன். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரிய நீரூற்று இருக்கிறது. அது பொங்கி மேலே வந்துவிடாமல் இருக்க இரவும் பகலும் பம்ப் ஓடும். அந்தத் தண்ணீர் இதமான சூட்டோடு கால்வாயில் ஓடிவரும். கனவில் நான் கால்வாய்க் கரையில் மண்டியிட்டு அதைக் குடித்துக்கொண்டிருந்தேன். கை நிறைய அள்ளாமலே அது தானாக வாய்க்குள் வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இரும்பு ருசி. குடிக்கக் குடிக்கத் தாகம் தீரவில்லை. தூரத்தில் கன்வேயர் ஓடும் சத்தம். எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அவ்வளவு அமைதியாக நான் எப்போதும் இருந்ததில்லை.

ஆரோக்கியசாமி தூக்கத்தைத் துரத்த என் கழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததாம். பசி என்று நினைத்துக்கொண்டார். எழுந்து போய் சிஸ்டரிடம் சொன்னார்.

"சார் பசியா இருக்காரு போல இருக்கும்மா. தூக்கத்துலயே எச்சி முழுங்கிகினு கெடக்கிறாரு. கஞ்சி கிஞ்சி குடுக்கலாங்களா?"

சிஸ்டர் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு டார்ச்சோடு வந்தார். என்னைத் தட்டி எழுப்பினார். "வாயைத் திறங்க சார். ஆ சொல்லுங்க." டார்ச் வெளிச்சம் தொண்டைக்குள் விழுந்தது. "டாக்டர் கிளம்பிட்டாங்களா பாருங்க, ஓடுங்க" என்றார் யாரிடமோ. முருகேசன்தான் மூக்குப் பஞ்சோடு படியிறங்கி ஓடியவர். டாக்டர் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தாராம்.

ரத்தம் முன்பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூக்கில் சிகிச்சை செய்தவர் தூக்கத்தில் விடாமல் விழுங்கினால் அதற்கு இதுதான் அர்த்தம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் மறக்க வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு ஆள் நிம்மதியாகத் தூங்குவதுபோலத்தான் தெரியும். எனக்கே அப்படித்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தேன். தட்டு முழுக்கக் கறுப்பாக இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலத் தட்டைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி தியேட்டர். ரத்தம் வந்தது வலது பக்கம், மேலே, பின்னால். நிறுத்துவதற்காக அந்தப் பக்கத் தகட்டை எடுத்துவிட்டுத் துணியை இறுக்கி அடைத்தார்கள். மயக்கம் தெளிந்தபின் டாக்டர் கட்டிலோரம் வந்து நின்றார்.

"ரத்தம் நின்னுடுச்சு. கூரை நல்லா நிக்குது. மூச்சு ரெண்டு பக்கமும் வரும். ஆனா வலது பக்கம் மேல நான் சூடு வெச்சு அடைக்க வேண்டியதாப் போச்சு. அங்க மறுபடி தழும்பு வரலாம்." கட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பக்கத்து வாசத்தைப் பத்தி இனிமே நான் எதுவும் சொல்ல முடியாது."

"இடது?"

"பார்க்கலாம்."

ஜெயந்தி வந்தபோது ஐந்தரை. யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. அவளுக்கு வாசலிலேயே விஷயம் தெரிந்திருந்தது. ஆரோக்கியசாமி எழுந்து நின்றுகொண்டு வரிசையாகச் சொன்னார்.

"வலது பக்கம் துணி அடைச்சிருக்கு. ரெண்டு நாளைக்கு எடுக்க மாட்டாங்க. எட்டு மணி வரைக்கும் தண்ணி கூடாது. பிரஷர் பாத்தாச்சு, சரியா இருக்கு. முழுங்குறாரான்னு பாத்துகினே இருக்கணுமாம். பசின்னு நெனச்சிட்டேன்மா நான்."

"சரிண்ணே" என்றாள். "நான் வந்துட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் செருப்பை மாட்டினார். மறுபடி அவருக்கு அன்று நைட் ஷிப்ட்.

அவர் போனதும் ஜெயந்தி என் காலடியில் உட்கார்ந்தாள். முகத்தில் கட்டு, காதில் தையல், கையில் ஊசி. தொடுவதற்குப் பாதம்தான் இருந்தது. கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எச்சில் விழுங்கக்கூடப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு புதுக் கட்டுப்பாடு. ஆறு வாரத்துக்குக் குழந்தையை முகத்தருகே கொண்டுவரக் கூடாது. மூக்கில் சிகிச்சை செய்தவர்களை அதிகம் இடிப்பது கதவோ தூணோ அல்ல, மடியில் இருக்கும் குழந்தையின் பின்னந்தலை என்றார் டாக்டர். யாழினி அப்போது எதையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றிருந்தாள். நான் ஈசிசேரில் சாய்ந்திருப்பேன். அவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நெருங்கி வந்தால் உதவிக்கு வந்து தங்கியிருந்த கவிதா தூக்கிப் போய்விடுவாள். "அப்பாவுக்குப் புது மூக்கு. இடிச்சிடாதடி தங்கம்."

கட்டு பிரித்த அன்று கண்ணாடி பார்த்தேன். பள்ளம் போய்விட்டது. தண்டு நேராக, கொஞ்சம் வீங்கி, என்னுடையது போலவும் என் அண்ணனுடையது போலவும் இருந்தது. மூச்சு நன்றாக வந்தது. வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். அதற்கே பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் வாய் மூடியிருப்பது தெரிந்து பதறி எழுந்துகொள்வேன்.

ஆவணியில் ஒரு காலை எல்லாமே கருகிய ரப்பர் போல வந்தது. சோறு, சோப்பு, தலையணை எல்லாம் ஒரே வாசம். போன் செய்து கேட்டேன். நல்லதுதான், நரம்பு விழிக்கும்போது முதலில் தப்புத் தப்பாகச் சொல்லும், பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தேன். ரப்பர் மெல்ல மெல்ல விலகி, ஒருநாள் காபி காபியாக வந்தது. ஜெயந்தி காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொல்ல நினைத்து, சொல்லவில்லை. ஒரு தகவலை இரண்டாவது இடத்தில் உறுதிசெய்யாமல் அனுப்பிப் பழக்கமில்லை. மத்தியானம் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். பிறகுதான் அவளுக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவ?" என்று கேட்டாள்.

"இல்லை. ஆறு வாரம் ஆகலை."

ஆறு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வார ஓய்வு. யாழினி தூங்கி எழுந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். ஜெயந்தி அவளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் முகவாயையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைப் பிடிக்கிற பிடி அது.

"வாங்க. மெதுவா."

குனிந்தேன். முதலில் தேங்காயெண்ணெய். அதற்கடியில் வியர்வை, ஈரமாக, கொஞ்சம் புளிப்பாக. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. சோறு வெந்து வரும்போது மூடியைத் தூக்கினால் முதலில் வரும் ஆவி போல, ஆனால் அது இல்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஜெயந்தி பிறகு சொன்னாள்.

யாழினி பொறுமை இழந்து தலையை உதறினாள். ஜெயந்தி விடவில்லை. முகத்தைத் திருப்பி, அதே இடத்தில் வலது நாசியை வைத்துப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் எதுவும் இல்லை.